வரிசை எண் 4: ஆடாத மேசை

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, முற்பகல் 11.20 மணிக்கு, தங்களுக்குச் சொந்தமான மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில் நின்றபடி, தங்கள் மேனேஜர் ஒப்படைப்புத் தாளில் பின்வருமாறு எழுதிக் கையொப்பமிட்டார்: “வரிசை எண் 4, 9, 13: அசல் பொருள்கள் இல்லை. வாடகைதாரர் வேறு பொருள்களை மாற்றி வைத்துள்ளார். வைத்திருப்பவை நல்ல நிலையில் இருப்பதால் பிடித்தம் இல்லை.”

இந்த வரி பொய் என்பது என் குற்றச்சாட்டு. மூன்று பொருள்களில் ஒன்றையும் கவிழ்த்துப் பார்க்காமல் எழுதப்பட்டது என்பது அதன் துணைக் குற்றச்சாட்டு. முன்பணம் முழுவதும் அன்றே திரும்பக் கிடைத்துவிட்டது. பணத்தைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. திருடியவன் நல்ல பொருளை வைத்துவிட்டுப் போனான் என்று ஒரு தாளில் எழுத முடியுமா என்று மட்டும் பலமுறை யோசித்துப் பார்த்தேன். எழுத முடிகிறது.

அந்த வரியில் ‘வாடகைதாரர்’ என்று குறிக்கப்பட்டவர் என் கணவர். பத்து ஆண்டு ஒன்பது மாதம் தங்கள் வீட்டில் இருந்தும் தாங்கள் அவரைப் பார்த்ததில்லை. பார்க்காத ஒருவரைப் பற்றி ஒரு வரி மட்டும் தங்கள் கோப்பில் இருக்கிறது. அதனால் மீதி வரிகளை நான் எழுதி அனுப்புகிறேன். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். மனு எழுதும் முறையை மனுக்களைப் படித்தே கற்றுக்கொண்டேன். பிழையிருந்தால் பிழையை விட்டுவிட்டுப் பொருளைப் பார்க்கவும்.

முப்பத்தொரு வயது வரை அவர் சுமை தூக்கியவர். மரச்சாமான் கடையொன்றின் வண்டியில் ஏறிப் போய், கட்டில், அலமாரி, சோபா ஆகியவற்றை மாடி மாடியாக ஏற்றி வைப்பது அவர் வேலை. ஒரு வீட்டைப் பற்றி அவருக்கு முதலில் தெரிவது அதன் படிக்கட்டு எங்கே திரும்புகிறது என்பதுதான். அப்படி ஒரு திருப்பத்தில், நான்காம் மாடிக்குப் போகும் வழியில், ஒரு சோபா கைநழுவி உருண்டு, முதுகு கிழிந்து நின்றது. கடைக்காரர் தூக்கிப் போடச் சொன்னார். இவர் தூக்கிப் போடவில்லை. கிழிந்த இடத்துக்குள் தலையை விட்டுப் பார்த்திருக்கிறார்.

“வெளிய பாத்தா ராஜா. உள்ள பாத்தா பழைய பெட்டிப் பலகை, சணல் கயிறு, அவ்வளவுதான். எட்டு வருஷமா இதுக்கா முதுகு ஒடிஞ்சோம்னு ஆயிடுச்சு,” என்று இன்றும் சொல்வார்.

அந்தச் சோபாவை மூன்று வாரம், வேலை முடிந்த பிறகு கிடங்கில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அவிழ்த்து, அவிழ்த்த வரிசைக்கு நேர்மாறாகத் திரும்பக் கட்டி மூடினார். யாரும் சொல்லித் தரவில்லை. கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எங்கய்யா கிழிஞ்சுது? நிஜமாவே கிழிஞ்சுதா?” என்று கேட்டாராம். என் கணவர் பெற்ற முதல் சான்றிதழ் அது. எழுத்தில் வாங்கி வைக்கவில்லை. அப்போது நான் அவர் வாழ்க்கையில் இல்லை.

நான் வந்தது அதே ஆண்டின் கடைசியில். தையல் ஆலையில் நான் செக்கர். தைத்து வரும் துணியில் குறை தேடுவது என் வேலை. குறையில்லாத துணியின் பையில் என் எண் அச்சிட்ட சிறு சீட்டு ஒன்றை வைப்பேன். என் எண் இருபத்தேழு. ஆலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோர் குறைவு; “இருபத்தேழு அக்கா” என்றால் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பிரிவுக்கு ஒரு பெரிய மேசை வந்து இறங்கியது. இறக்கியவர் இவர். ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னார். மேசையின் அடியில் ஒரு ஸ்க்ரூ இல்லை. நான் போட மறுத்தேன்.

“ஒரு ஸ்க்ரூவுக்கா?”

“ஒண்ணுன்னாலும் குறை குறைதானே.”

“யாருங்க மேசைக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பாப்பாங்க?”

“நான் பாத்தேனே.”

மறுநாள் அந்த ஒரு ஸ்க்ரூவை எடுத்துக்கொண்டு வந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மறுநாளும் வந்தார். அன்று எந்தக் காரணமும் கொண்டுவரவில்லை. அந்த ரசீதின் நகல் இணைப்பு 1-ஆக வைக்கப்பட்டுள்ளது. வழக்குக்குத் தேவையில்லை; ஆனால் அவர் கொண்டுவந்து மாட்டுகிற ஆள், எடுத்துக்கொண்டு போகிற ஆள் அல்ல என்பதற்கு அது ஆதாரம்.

பிறகு அவர் சுமையை விட்டுவிட்டுக் குஷன் கடையில் சேர்ந்தார். ஊர்ப்பட்ட சோபாவுக்கெல்லாம் இவர்தான் வைத்தியர். எங்கள் வீட்டில் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மூன்று வீடு மாறினோம். மூன்றும் வெறும் சுவர். அதனால்தான் 2014 மே மாதம், கடைக்கும் ஆலைக்கும் நடுவில், சாமான்களோடு ஒரு வீடு வாடகைக்கு வருகிறது என்றதும் இருவரும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பார்க்கப் போனோம்.

தங்கள் மேனேஜர் கதவைத் திறந்துவிட்டுச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “எல்லாம் ஓனரம்மா சின்ன வயசுல புழங்கின சாமான். தூக்கிப் போட அவங்களுக்கு மனசு இல்ல. புதுசா வாங்கிப் போடவும் மனசு இல்ல.”

முப்பத்தொரு பொருள்கள் கொண்ட பட்டியலை என்னிடம் கொடுத்தார். ஜன்னலோரம் நின்று முழுவதையும் படித்தேன். அந்த வீட்டில் எனக்கு முதலில் பிடித்தது வெளிச்சமோ காற்றோ அல்ல, அந்தப் பட்டியல்தான். ‘குறிப்பு’ என்ற பகுதியில் உள்ளது உள்ளபடி எழுதியிருந்தது. எண் 4, சாப்பாட்டு மேசை: ஒரு கால் குட்டை, ஆடும். எண் 9, இழுப்பறைப் பெட்டி: இரண்டாவது அறை திறக்காது. எண் 13, சோபா: நடுவில் பள்ளம், ஸ்பிரிங் குத்தும். தன் குறையைத் தானே எழுதி வைக்கிற வீட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் கணவர் சோபாவில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார்.

“என்னங்க?”

“பேசுது.”

“கை வெச்சுடாதீங்க. பதினொண்ணாவது ஷரத்தைப் படிங்க.”

“நீ படிச்சா போதாதா? வீட்டுக்கு ஒரு வக்கீல் இருந்தாலே ஜாஸ்தி.”

ஒப்பந்தத்தின் பதினொன்றாம் ஷரத்து: ‘பொருள்களைப் பெற்ற நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும்.’

எட்டு மாதம் அவர் அதற்குக் கட்டுப்பட்டார். அது எளிதாக இருந்திருக்காது. சாப்பாட்டு மேசையில்தான் நான் என் எழுத்து வேலைகளைச் செய்வேன். மின் கட்டணச் சீட்டுகளை வரிசைப்படுத்துவேன். ஆலைக்குக் கடிதம் எழுதுவேன். மேசை ஆடும். அவர் எதிரில் உட்கார்ந்து, குட்டைக் காலின் பக்கம் தன் முழங்காலை முட்டுக் கொடுத்திருப்பார். நான் ஒரு பக்கம் எழுதி முடிக்கும்வரை கால் மாற்ற மாட்டார். “முடிஞ்சுதா செக்கர்? கால் மரத்துப்போச்சு,” என்பார்.

2015 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆலையில் கூடுதல் வேலை. மாலை வந்து டீ தம்ளரை மேசைமேல் வைத்தேன். டீ அசையவில்லை. நான் குறை தேடிச் சம்பளம் வாங்குகிறவள். குறை காணாமல் போனால் எனக்குத் தெரியாமல் இருக்குமா?

“என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“மேசை ஏன் ஆடல?”

“ஆடணும்னு வேண்டுதலா என்ன?”

“பட்டியல்ல ஆடும்னு போட்டிருக்கு. நாளைக்கு வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?”

அவர் மிகவும் பணிவாக, “சரி, குறையைத்தான் திருப்பித் தரணும்னா சொல்லு. போற அன்னைக்கு அதே காலைத் திரும்ப அறுத்துக் கொடுத்துடறேன்,” என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்தாலும் விடவில்லை. மறுநாளே தங்கள் மேனேஜர் அலுவலகத்துக்கு நடந்ததைச் சொல்லி, பட்டியலின் குறிப்பைத் திருத்தி எழுத்துமூலம் பதில் தருமாறு கேட்டுக் கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை. 2016-இல் இழுப்பறை திறந்தது, கடிதம் கொடுத்தேன். 2019-இல் சோபா நிமிர்ந்தது, கடிதம் கொடுத்தேன். நினைவூட்டல் மூன்றையும் சேர்த்து மொத்தம் ஆறு கடிதங்கள். ஆறிலும் ‘பெற்றுக்கொண்டோம்’ என்ற முத்திரை இருக்கிறது. ஒன்றுக்கும் பதில் இல்லை. இணைப்பு 2 முதல் 7 வரை காண்க.

அவர் வேலை செய்யும் விதத்தைத் தாங்கள் அறிந்தால்தான் மார்ச் 14-ஆம் தேதி நடந்தது விளங்கும். மற்றவர்கள் பழுது பார்த்தால் பழுது பார்த்தது தெரியும். இவருக்கு அது பிடிக்காது. மேசைக் காலில் ஒட்டுப் போட அதே வயதுடைய மரத்தைத் தேடி ஏழு கடை ஏறி இறங்கினார். ரேகையோடு ரேகை சேரும்படி ஒட்டி, புதிய துண்டைத் தேயிலைச் சாற்றால் பழசாக்கினார். சோபாவின் துணியை மாற்றவில்லை. அதே துணியைத் தையல் பிரித்து, உள்ளே ஸ்பிரிங்கையும் அதைத் தாங்கும் பெல்ட்டையும் சரிசெய்து, பழைய ஊசித் துளைகளிலேயே திரும்பத் தைத்தார். கை வைத்த இடம் தெரிந்தால் அது தோல்வி. “யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. நீகூட,” என்பார். நான் ஒவ்வொன்றின் அடியிலும் என் இருபத்தேழாம் எண் சீட்டில் தேதி எழுதி ஒட்டினேன். அவர் மறைப்பார், நான் பதிவேன். குடும்பம் அப்படித்தான் நடந்தது.

சென்ற மார்ச் மாதம் ஆலை ஊருக்கு வெளியே மாறியது. அதன் அருகில் வீடு பார்த்தோம். அதுவும் சாமான்களோடு கூடிய வீடு. தங்கள் வீட்டை ஒப்படைக்க நாள் குறித்தோம்.

மேனேஜர் பட்டியலோடு வந்தார். மேசையின் விளிம்பில் கை வைத்து ஆட்டினார். ஆடவில்லை. பலமாக ஆட்டினார்.

“இது நாலாம் நம்பர் இல்லையே.”

“அதேதாங்க,” என்றேன் நான்.

“அது ஆடும்மா. இதோ எழுதியிருக்கு பாருங்க.” இழுப்பறைப் பெட்டிக்குப் போனார். இரண்டாவது அறையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது ஒரு விரலுக்கே வருவதால், அறையோடு இரண்டடி பின்னால் வந்தார். சோபாவில் மெதுவாக, குத்தும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தார். குத்தவில்லை. அப்படியே சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். அதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

“எங்க வாங்கினீங்க இதெல்லாம்? அசலை என்ன பண்ணீங்க?”

“கவுத்துப் பாருங்க. அடியில என் சீட்டு இருக்கு, தேதியோட.”

“சீட்டை யாரு வேணும்னாலும் ஒட்டலாம்மா. பன்னெண்டு மணிக்கு எனக்கு இன்னொரு வீடு இருக்கு.” என் கணவரைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க சார். இதுவா பழைய மேசை? இதுல எங்க ஒட்டுப் போட்டிருக்கு? காட்டுங்க பாப்போம்.”

என் கணவர் காட்டவில்லை. சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சிரிப்பைத்தான் தங்கள் மேனேஜர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். உடனே எழுதினார். நான் ‘ஏற்கவில்லை’ என்று எழுதிக் கீழே கையெழுத்திட்டேன். கதவை மூடிக்கொண்டு வந்தோம்.

படியில் இறங்கும்போது, “என்னத்துக்குச் சிரிச்சீங்க?” என்று கேட்டேன்.

“இல்ல, அவரால கண்டுபிடிக்க முடியல பாரு.” அவர் முகம் கடைக்காரரின் கதையைச் சொல்லும்போது இருப்பதுபோல் இருந்தது. “மேசையைக் கையில புடிச்சுட்டே கேக்கறாரு, எங்க ஒட்டுன்னு.”

அந்த வரியின் கனம் அன்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் தெரிந்தது.

புது வீட்டின் உரிமையாளர் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர், நல்ல பெண்மணி. பழைய வீட்டின் ஒப்படைப்புத் தாளைக் கேட்டார். கொடுத்தோம். படித்துவிட்டு மடித்து வைத்தார். “நான் உங்களை ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா எங்க வீட்லயும் எல்லாம் என் மாமியார் காலத்துச் சாமான். ஏப்ரல் கடைசி வரைக்கும் டைம் குடுங்க, யோசிச்சுச் சொல்றேன்,” என்றார்.

தங்கள் மேனேஜரின் அலுவலகம் குஷன் கடையிலிருந்து மூன்றாவது கட்டடம். வாய் வழியாகப் போக அந்தத் தூரம் போதும். தாங்கள் அறிய வேண்டியது இது: என் கணவர் வேலை செய்வது பெரும்பாலும் பிறர் வீடுகளில், அவர்கள் இல்லாத நேரத்தில். காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு அலுவலகம் போவார்கள். மாலையில் வந்து வாங்கிக்கொள்வார்கள். அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று வீட்டுச் சாவிகள் இருக்கும். மார்ச் 20-ஆம் தேதி, ஆறு ஆண்டுகளாக அப்படிச் சாவி கொடுத்துவந்த ஒருவர், “இந்த வாரம் வேணாம். நாங்க வீட்ல இருக்கற அன்னைக்குச் சொல்லி அனுப்பறேன்,” என்றார். அதைச் சொல்லும்போது என் கணவர் சிரிக்கவில்லை.

இப்போது நாங்கள் அவர் தங்கையின் வீட்டில், ஒரே அறையில் இருக்கிறோம். என் நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. மனசில் ஒன்றும் கிடையாது. வந்த அன்றே, “அண்ணி, எங்க வீட்டு ஸ்டூல், தட்டு, தம்ளர் எல்லாத்துக்கும் ஒரு லிஸ்ட் போட்டு வெச்சுக்கறேன். போற அன்னைக்கு எண்ணிப் பாத்துத்தான் அனுப்புவேன்,” என்றாள்.

“முதல்ல உன் புருஷனை லிஸ்ட்ல சேரு. அவர்தான் அடிக்கடி காணாமப் போறாரு,” என்றேன்.

எல்லாரும் சிரித்தோம். இவரும் சிரித்தார்.

அந்த வீட்டு ஸ்டூல் ஒன்று ஆடும். சனிக்கிழமை, மார்ச் 29, அவர் அதில் உட்கார்ந்து டீ குடித்தார். ஆடியது. எழுந்தார். வழக்கமாக அவர் செய்வது, அதைத் தலைகீழாக மடியில் போட்டுக் காலைத் தட்டிப் பார்ப்பது. நூறு முறை பார்த்திருக்கிறேன், கல்யாண வீட்டுப் பெஞ்சைக்கூட விட்டதில்லை. அன்று அவர் ஒரு பழைய பேப்பரை நான்காக மடித்துக் காலின் கீழ் செருகினார். திரும்ப உட்கார்ந்து டீயைக் குடித்தார்.

“ஏங்க, அதைச் சரி பண்ணலையா?”

“எதுக்கு? நம்ம பொருளா?”

பதினைந்து ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட மோசமான வார்த்தை அது. இந்தக் கடிதத்தை எழுதுவது என்று அந்த ஸ்டூலைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

சீட்டை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று தங்கள் மேனேஜர் சொன்னதில் நியாயம் உண்டு, மறுக்க மாட்டேன். எனவே அன்று மாலை, கோப்பை விரித்து வைத்துக்கொண்டு, அது அதே மேசைதான் என்பதற்கு வேறு அடையாளம் ஏதாவது உண்டா என்று அவரிடம் கேட்டேன். முதலில் வேண்டாம் என்றார், விட்டுவிடு என்றார். பிறகு சொன்னார்.

“அடியில கணக்கு இருக்கு.”

“என்ன கணக்கு?”

“யாரோ குழந்தை, மேசைக்கு அடியில படுத்துக்கிட்டுப் பென்சில்ல எழுதியிருக்கு. ஏழாம் வாய்ப்பாடு. பக்கத்துல நாலு மீன். அஞ்சாவது பாதியில நிக்குது, வால் இல்ல. வெளிய இருந்து பாத்தா தெரியாது. உள்ளே படுத்தாத்தான் தெரியும். அழிஞ்சுடப் போகுதுன்னு வார்னிஷ் அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுட்டேன்.”

“பத்து வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஏழெட்டு ஐம்பத்தி நாலுன்னு எழுதியிருக்கு. உங்கிட்ட சொன்னா நீ குனிஞ்சு போய் திருத்திட்டு, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருப்ப.”

அது உண்மை. நான் திருத்தியிருப்பேன்.

என்னிடம் அதன் நிழற்படம் இல்லை. வீட்டின் சாவியும் இல்லை. என் கோப்பில் இல்லாத ஒரே ஆதாரம் தங்கள் வீட்டில், தங்கள் மேசையின் அடியில் இருக்கிறது. வேறு மேசையை வாங்கி வைத்த ஒருவர் அதன் அடியில் படுத்து ஒரு குழந்தையின் தப்புக் கணக்கை எழுதி வைப்பாரா என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம். அந்தக் குழந்தை தாங்கள்தானா என்று எனக்குத் தெரியாது. தாங்கள் என்றால், வேறு சாட்சி தேவைப்படாது. என் கணவருக்கு இந்தக் கடிதம் தெரியும். படித்துக் காட்டினேன். “மீனையும் எழுதினியா?” என்று மட்டும் கேட்டார்.

ஆகவே நான் கோருவது:

மேனேஜரோ வேறு எவரோ அல்லாமல், தாங்களே நேரில் சென்று வரிசை எண் 4-ஐக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கவிழ்க்கும்போது இருவர் பிடிக்கவும். ஒட்டுப் போட்ட கால் உறுதியானது, ஆனாலும் பழைய மேசை. 9-ஐயும் 13-ஐயும் அதன் பிறகு பார்த்தால் போதும். கண்டது சரியாக இருந்தால், ‘அசல் பொருள்கள் இல்லை’ என்ற வரியை அடித்து, ‘அசல் பொருள்களே, வாடகைதாரர் பழுது நீக்கியுள்ளார்’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, அதன் நகலை எனக்கு அனுப்ப வேண்டும். சரியாக இல்லையென்றால் அதையும் எழுதவும்; வைத்துக்கொள்கிறேன்.

இதற்கு முன் ஆறு கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அவை மேனேஜருக்கு எழுதியவை. இது தங்களுக்கு. தொலைபேசியிலோ ஆள் மூலமாகவோ சொல்லி அனுப்ப வேண்டாம். 2025 ஏப்ரல் 25-ஆம் தேதிக்குள், உறையில் குறித்த முகவரிக்கு, தங்கள் கையெழுத்தில் பதில் தரவும்.